பிழை பிறந்த இடம்: லிஸ்ப் பைட்கோட் இன்டர்பிரட்டரில் சில பத்தாண்டுகள்

லிஸ்ப் மொழி நிரலைப் பைட்கோடாக மாற்றி இயக்கும் அமைப்புகளில் பிழை வெளிப்படும் இடமும் அது பிறந்த இடமும் அரிதாகவே ஒன்றாக அமைகின்றன. கம்பைலர் முன்கூட்டியே தயாரித்து வைத்த சில பைட் நீளமுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய வேலையைச் செய்து, அடுத்ததற்கு நகரும் ஒரு சுழற்சியே பைட்கோட் இன்டர்பிரட்டர் ஆகும். அந்தச் சுழற்சியைத் தேர்ந்த ஒருவர் குறுகிய காலத்தில் எழுதிவிடலாம். ஆனால் அது தவறும்போது ஏன் தவறியது என்று சொல்லக்கூடிய வழிகள் உருவாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஈமாக்ஸ் எடிட்டருக்குள் வாழும் லிஸ்ப் அமைப்போடு நெடுங்காலம் பழகி, அதன் கம்பைலரையும் இன்டர்பிரட்டரையும் பிழை தேடும் நோக்கிலேயே படித்து வந்த ஒருவர் கண்ட மாற்றங்கள் இங்கே பேசப்படுகின்றன.

நினைவகம் விலையுயர்ந்ததாக இருந்த காலத்தின் தேவையிலிருந்து பிறந்தது பைட்கோட் முறை. 1973இல் பீட்டர் டாய்ச் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, லிஸ்ப் நிரலை மிகச் சுருக்கமான கட்டளைத் தொடராக மாற்றி இயக்கலாம் என்று விளக்கியது. 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனூ ஈமாக்ஸும் இவ்வழியையே பின்பற்றியது. ஒரு பட்டியலின் இரண்டாவது உறுப்பை எடுத்துத் தரும் சிறு செயற்கூறு ஒன்றை எடுத்துக்கொண்டால், மாறியைப் பெயரால் தேடும் பழைய முறையில் அது 8, 65, 64, 135 என்னும் நான்கு பைட்டுகளாகச் சுருங்கிவிடும். முதல் பைட் மாறியின் மதிப்பை ஸ்டாக் எனப்படும் அடுக்கின் மேல் வைக்கும். இரண்டாவது பட்டியலின் தலையை நீக்கி எஞ்சியதை வைக்கும். மூன்றாவது அந்த எச்சத்தின் தலையை எடுக்கும். நான்காவது விடையோடு திரும்பும். இவற்றோடு மாறியின் பெயரைத் தாங்கிய ஒரு மாறிலி வரிசையும், ஸ்டாக்கில் ஓர் இடம் போதும் என்ற குறிப்பும் சேர்ந்துவிட்டால் செயற்கூறு முழுமை பெறுகிறது. மூலநிரலின் எந்த வரியிலிருந்து எந்தப் பைட் வந்தது என்ற தகவல் இதில் எங்கும் இல்லை. பிழை தேடுபவரின் துன்பங்களில் பாதி இந்த ஓர் இழப்பிலிருந்தே தொடங்குகிறது.

அச்செயற்கூற்றுக்குப் பட்டியலுக்குப் பதிலாக 5 என்னும் எண்ணைத் தந்தால், மூலநிரலாக இயங்கும்போது பேக்டிரேஸ் எனப்படும் அழைப்புப் பட்டியல், தலை நீக்கும் செயலுக்கு 5 தரப்பட்டது என்று நேராகக் காட்டிவிடும். பைட்கோடாக இயங்கும்போதோ அந்தச் செயல் தனி அழைப்பாக இல்லாமல் ஒரே பைட்டாகக் கரைந்துவிட்டதால், வெளிச் செயற்கூற்றின் பெயர் மட்டுமே தெரியும். உள்ளே இருபது இடங்களில் தலை நீக்கம் நடந்திருந்தால், இருபதில் எது என்று நிரலரே ஊகிக்க வேண்டும். ஈமாக்ஸின் 18ஆம் பதிப்பின் காலத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அப்போது பைட்கோட் ஒரு சாதாரண எழுத்துச் சரமாகவே பேக்டிரேஸில் கொட்டப்பட்டதால், கட்டுப்பாட்டுக் குறிகள் நிறைந்த அந்தக் குப்பைக்கு நடுவே பயனுள்ள பெயர் ஒன்றைத் தேடி எடுப்பதே தனித் திறமையாகக் கருதப்பட்டது. அண்மைப் பதிப்புகளில் தலை எடுத்தல், தலை நீக்கல் போன்ற கட்டளைகள் பிழை எழுப்பும்போது, அழைப்பே நடந்திராவிட்டாலும் நடந்தது போன்ற ஒரு பதிவைப் பேக்டிரேஸில் சேர்த்துவிட்டுத் தோற்கின்றன. பிழை நேராத வழியில் இதற்கு எந்தச் செலவும் இல்லை. இவ்வளவு எளிய தீர்வு இவ்வளவு தாமதமாக வந்ததுதான் வியப்பு.

லிஸ்பின் இயல்பு ஒன்றும் இந்தத் தேடலைக் கடினமாக்குகிறது. வெற்றுப் பட்டியலைக் குறிக்கும் 'நில்' என்பதன் தலையும் 'நில்', எச்சமும் 'நில்' என்பதால், தேடிய பொருள் கிடைக்காமல் திரும்பிய 'நில்' பல செயற்கூறுகளை எந்த முணுமுணுப்புமின்றிக் கடந்து, எண்ணையோ எழுத்துச் சரத்தையோ எதிர்பார்க்கும் ஓரிடத்தில் சென்று முட்டும்போதுதான் பிழைச்செய்தி எழுகிறது. செய்தியில் சுட்டப்படும் செயற்கூறு பெரும்பாலும் குற்றமற்றது. ஆகவே பேக்டிரேஸை மேலிருந்து படித்து முதல் பெயரிலேயே நின்றுவிடாமல், 'நில்' முதன்முதலில் தோன்றிய வரிசை வரை கீழே இறங்கிப் படிக்கும் பழக்கம் தேவைப்படுகிறது. அதற்குப் பின்னும் விளங்காவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: கம்பைல் செய்த கோப்பை விட்டுவிட்டு மூலக் கோப்பை ஏற்றி, அதே செயலை மீண்டும் செய்து பார்ப்பது. எடிபக் என்னும் கருவி இதையே ஒரு படி மேலே கொண்டுசென்று, மூலநிரலின் ஒவ்வொரு கோவையையும் சுற்றி நிறுத்தப் புள்ளிகளைப் பொதிந்து, ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் மதிப்பைக் காட்டுகிறது.

மூலக் கோப்பை ஏற்றியவுடன் பிழை மறைந்துவிட்டால் அதுவே ஒரு தடயம். ஈமாக்ஸ் ஒரு நிரலை ஏற்றும்போது கம்பைல் செய்த கோப்பு இருந்தால், மூலக் கோப்பு அதைவிடப் புதியதாக இருந்தாலும், பழைய கம்பைல் கோப்பையே இயல்பாக எடுத்துக்கொண்டு, ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டு நகர்கிறது. திருத்திய பிழை மீண்டும் மீண்டும் வருகிறதே என்று நள்ளிரவு வரை திகைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வரியைக் கவனிக்காதவர்கள். 2014இல் வந்த 24.4 பதிப்பு, இரண்டில் புதியதையே ஏற்றச் சொல்லும் ஒரு விருப்ப மாறியைத் தந்தது. ஆயினும் அது இயல்பு நிலையில் அணைந்தே இருக்கிறது.

இதைவிட நுட்பமானது மேக்ரோ தொடர்பான பிழை. மேக்ரோ என்பது கம்பைல் செய்யும் நேரத்திலேயே வேறொரு நிரலாக விரிவடைந்துவிட வேண்டிய அமைப்பு. அதன் வரையறையை அறியாத நிலையில் கம்பைலர் அதன் பயன்பாட்டைச் சந்தித்தால், அதைச் சாதாரணச் செயற்கூற்று அழைப்பாக எண்ணி, உள்ளிருக்கும் கோவைகளை முதலில் மதிப்பிட்டுப் பின்னர் அழைக்கும்படி பைட்கோட் எழுதிவிடும். கோப்புகள் சரியான வரிசையில் ஏற்றப்பட்ட நிரலரின் கணினியில் எல்லாம் நன்றாக நடக்கும். வேறொருவர் தூய்மையான நிலையிலிருந்து கம்பைல் செய்யும்போது, செல்லாத செயற்கூறு என்ற செய்தியோடு அதே நிரல் விழுந்துவிடும். இக்கட்டுரையாளர் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் இத்தகைய முறையீடுகள் வந்தபோதெல்லாம் முதலில் ஐயத்திற்கு உள்ளானது இன்டர்பிரட்டரே. குற்றவாளியோ கோப்பின் தலைப்பகுதியில் விடுபட்டுப்போன ஒரு வரி. 'இச்செயற்கூறு வரையறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை' என்று கம்பைலர் முன்னரே எச்சரித்திருக்கும். எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் ஓடும் திரையில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜேமி ஜவின்ஸ்கியும் ஹால்வார்ட் ஃபுருசெத்தும் எழுதிய மேம்பட்ட கம்பைலரின் பெருமை வேகத்தில் இருப்பதாகப் பலர் பேசுவார்கள். உண்மையில் அதன் பெரும் பயன், அறியப்படாத மாறி, தவறான எண்ணிக்கையிலான உள்ளீடுகள் போன்றவற்றை இயக்கத்திற்கு முன்பே சுட்டிக்காட்டிய அந்த எச்சரிக்கைகளில்தான் இருந்தது.

பயனரின் நிரலில் இருக்கும் பிழைகள் இவை. கம்பைலரே தவறான பைட்கோடைத் தந்துவிட்டால் நிகழ்வது வேறு வகை. ஈமாக்ஸின் இன்டர்பிரட்டர் தன் கம்பைலரை முழுமையாக நம்புகிறது. ஸ்டாக்கிற்கு எத்தனை இடம் தேவை என்று கம்பைலர் சொல்லிவிட்டால், அத்தனை இடத்தை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டளையிலும் எல்லை மீறப்பட்டதா என்று பார்க்காமலேயே ஓடுகிறது. கணக்கு ஒன்று குறைந்திருந்தால் அடுத்திருக்கும் நினைவகம் மௌனமாக அழிக்கப்படும். ஜாவாவின் இயந்திரம் இதற்கு நேர்மாறாக, ஏற்றும்போதே பைட்கோடைச் சரிபார்த்து, ஐயத்திற்குரியதை ஒதுக்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனக்குறைவு என்று கருதுவது சரியன்று. வலைவழியே வரும் அந்நிய நிரலிடமிருந்து பயனரைக் காப்பது ஜாவாவின் நோக்கம். ஈமாக்ஸில் ஏற்றப்படும் எந்த லிஸ்ப் கோப்பும் பயனரின் கோப்புகள் அனைத்தையும் அழிக்கும் அதிகாரத்தை ஏற்கனவே பெற்றிருப்பதால், பைட்கோடைச் சரிபார்ப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. அங்கே சோதனைகள் தேவைப்படுவது தீயவருக்கு எதிராக அன்று, கம்பைலர் எழுதுபவரின் கைப்பிழைக்கு எதிராகவே.

அதனால் சோதனைகளைப் பல இடங்களில் பிரித்து வைக்கும் முறை உருவானது. கம்பைலர் ஒவ்வொரு கட்டளையை எழுதும்போதும் ஸ்டாக்கின் ஆழத்தை எண்ணிக்கொண்டே வருகிறது; வெவ்வேறு பாதைகளில் ஓடிய நிரல் ஒரே தாவல் இலக்கில் வந்து சேரும்போது இரு பாதைகளின் ஆழமும் ஒன்றாக இல்லாவிட்டால், கம்பைலரில் பிழை என்று தன்னையே குற்றம் சாட்டி நின்றுவிடுகிறது. மாறிகளின் தற்காலிகப் பிணைப்புகள் கட்டப்பட்டதும் அவிழ்க்கப்பட்டதும் சமமாக உள்ளனவா என்ற ஒப்பீடு செயற்கூறு திரும்பும்போது ஒரே ஒருமுறை நடப்பதால், அந்தச் சோதனை எல்லாப் பயனர்களின் பதிப்பிலும் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. அது தவறினால் எழும் செய்தி, இது கடுமையான பைட் கம்பைலர் பிழை என்று வெளிப்படையாகவே சொல்லும். ஒவ்வொரு கட்டளைக்கும் செய்ய வேண்டிய ஸ்டாக் எல்லைச் சோதனையோ செலவு மிகுந்தது என்பதால், சி மொழி மூலநிரலில் ஒரு விருப்பக் குறியின் பின்னால் மறைத்து வைக்கப்பட்டது. ஈமாக்ஸிலிருந்து பிரிந்த எக்ஸ்-ஈமாக்ஸ் இன்னொரு வழியைக் கண்டது: ஒரு செயற்கூறு முதன்முறை அழைக்கப்படும்போது அதன் பைட்கோட் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்து, வேகமாக இயங்கும் வடிவத்திற்கு மாற்றும்போதே கட்டளைகளும் மாறிலி எண்களும் செல்லுபடியாகின்றனவா என்று பார்த்துக்கொண்டது. ஒருமுறை செய்த சோதனையின் பயன் ஆயிரம் அழைப்புகளுக்குக் கிடைப்பதால், இன்று புதிதாக இன்டர்பிரட்டர் எழுதுபவர் பின்பற்றத் தக்கது எக்ஸ்-ஈமாக்ஸின் வழியே.

இவை அனைத்தையும்விட மிகுந்த நாட்களை விழுங்கியவை, பயனற்ற நினைவகத்தை மீட்கும் குப்பை நீக்கத்தோடு தொடர்புடைய பிழைகளே. பழைய ஈமாக்ஸில் சி மொழியில் எழுதப்பட்ட ஒவ்வொரு பகுதியும், தான் கையில் வைத்திருக்கும் லிஸ்ப் பொருள்களைக் குப்பை நீக்கிக்கு அறிவிப்பதற்காகச் சிறப்புக் குறிகளைத் தன் கையாலேயே இட வேண்டியிருந்தது. ஒரு குறியை மறந்தால், இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பொருள் குப்பை என்று எண்ணி விடுவிக்கப்பட்டு, அதே இடத்தில் வேறொன்று குடியேறி, பல நிமிடங்கள் கழித்து எந்தத் தொடர்புமில்லாத ஓரிடத்தில் எடிட்டர் விழுந்துவிடும். பைட்கோட் இன்டர்பிரட்டரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பைட்கோடே ஒரு லிஸ்ப் எழுத்துச் சரம். குப்பை நீக்கி சிறு சரங்களை நெருக்கி அடுக்கும்போது அவற்றை இடம் மாற்றும். இன்டர்பிரட்டரின் கட்டளைச் சுட்டியோ அந்தச் சரத்தின் நடுவே ஒரு பைட்டை நேரடியாகச் சுட்டிக்கொண்டிருக்கும். சரம் நகர்ந்துவிட்டால் சுட்டி பழைய இடத்தில் நின்று, அங்கே புதிதாக வந்து அமர்ந்த எழுத்துகளைக் கட்டளைகளாக எண்ணி இயக்கத் தொடங்கும். எனவே குப்பை நீக்கம் நிகழக்கூடிய ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் சுட்டியைச் சேமித்து, பின்னர் சரத்தின் புதிய முகவரியிலிருந்து அதை மீண்டும் கணக்கிட வேண்டியிருந்தது. இந்த இரண்டு வரிகளைச் சேர்க்க மறந்த புதிய கட்டளை ஒன்று நூறு முறை சரியாக இயங்கிவிட்டு, நினைவகம் நிரம்பிய கணத்தில் மட்டும் தவறும். திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாத பிழை என்று பதிவேட்டில் முடித்துவைக்கப்பட்டவற்றில் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவையோ, யாராலும் சொல்ல முடியாது.

2001இல் வந்த 21ஆம் பதிப்பு முதல் சி மொழி ஸ்டாக்கையே குப்பை நீக்கி துழாவிப் பார்த்து, பொருளைப் போலத் தோன்றும் எதையும் உயிருள்ளதாகக் கருதும் முறை பரவலானது. 2016இல் வந்த 25ஆம் பதிப்பில் கையால் இடும் குறிகள் முற்றிலும் நீக்கப்பட்டன. பைட்கோடைத் தனி இடத்தில் நகலெடுத்து இயக்குவது, பின்னர் அச்சரத்தை நகராதபடி நிலைநிறுத்துவது என்ற மாற்றங்களால் சுட்டிச் சிக்கலும் மறைந்தது. பிழைகளின் ஒரு வகையே இவ்வாறு இல்லாமல் போனது. பொருள்களை நகர்த்தும் குப்பை நீக்கியைக் கைவிட விரும்பாத சிலிஸ்ப் அமைப்பு வேறு திசையில் சென்றது. புரூனோ ஹைபிளும் மிக்கேல் ஸ்டோலும் 1987இல் தொடங்கிய அவ்வமைப்பின் மூலநிரலில், குப்பை நீக்கத்தைத் தூண்டக்கூடிய ஒவ்வொரு செயற்கூற்றின் மீதும் அவ்வாறே குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அக்குறிப்பை மதிக்காத நிரலைப் பிடிப்பதற்காக, சி++ கம்பைலரால் சிறப்பாகக் கட்டப்படும் சோதனைப் பதிப்பு ஒன்று, குப்பை நீக்கத்திற்கு முன் எடுத்த சுட்டியை அதன்பின் யாரேனும் தொட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். மெதுவாக இயங்கினாலும், பிழை பிறந்த வரியிலேயே அதைப் பிடிக்கும் கருவி அது.

லிஸ்ப் கம்பைலர் லிஸ்பிலேயே எழுதப்பட்டு, தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்வதால் எழும் பிழைகளுக்குத் தனிப் பொறுமை வேண்டும். பைட்கோடைச் சுருக்கும் ஆப்டிமைசரில் ஒரு விதி தவறாக எழுதப்பட்டால், அவ்விதியால் முதலில் பாதிக்கப்படுவது அடுத்த தலைமுறைக் கம்பைலரே. அது தவறாகச் சிந்தித்து உருவாக்கும் மூன்றாம் தலைமுறை நிரலில்தான் பயனர் பிழையைக் காண்கிறார். விதியைத் திருத்திய பின்னும் பழைய கம்பைல் கோப்புகள் எஞ்சியிருந்தால் நோய் நீடிக்கிறது. அனைத்தையும் அழித்து மூலத்திலிருந்து கட்டும் பூட்ஸ்டிராப் முறையை நேரவிரயம் என்று தவிர்த்த குழுக்கள், அதைவிடப் பன்மடங்கு நேரத்தை இழந்ததை இக்கட்டுரையாளர் கண்டுள்ளார்.

2012இல் ஈமாக்ஸின் 24ஆம் பதிப்பு கொண்டுவந்த சொல்லெல்லைப் பிணைப்பு, அதாவது மாறியின் ஆட்சி அது எழுதப்பட்ட கோவைக்குள் மட்டும் அடங்கும் முறை, பைட்கோடின் வடிவத்தையே மாற்றியது. மாறியைப் பெயரால் தேடுவதற்குப் பதிலாக ஸ்டாக்கில் இத்தனையாவது இடம் என்று எண்ணால் சுட்டுவதால், கம்பைலரின் ஆழக் கணக்கு ஒன்று பிசகினாலும் பக்கத்து மாறியின் மதிப்பு கைக்கு வந்துவிடும். ஆனால் நடைமுறையில் மிகுதியாகக் கண்ட தொல்லை வேறு. முறையாக அறிவிக்கப்படாத ஒரு பொதுமாறியைப் புதிய முறைக் கோப்பில் தற்காலிகமாகப் பிணைத்தால், அப்பிணைப்பு உள்ளூர் மாறியாகிவிடுகிறது. அழைக்கப்படும் செயற்கூறு பழைய மதிப்பையே காண்கிறது. பிழைச்செய்தி எதுவும் எழுவதில்லை, விடை மட்டும் தவறாக இருக்கிறது. பயன்படுத்தப்படாத மாறி என்ற கம்பைலரின் சாதாரண எச்சரிக்கையே இதற்கு ஒரே சாட்சி. இதே குடும்பத்தைச் சேர்ந்தது, மாறிலி வரிசையில் உறையும் பட்டியலை நிரலே மாற்றிவிடும் பிழை. முதல் அழைப்பில் சரியாக இயங்கும் செயற்கூறு தன் மாறிலியைத் தானே கெடுத்துக்கொண்டு, இரண்டாம் அழைப்பில் வேறு விடை தரும். 30ஆம் பதிப்பின் கம்பைலர் இத்தகைய மாற்றங்களையும், கோப்பின் முதல் வரியில் பிணைப்பு முறை குறிக்கப்படாமையையும் எச்சரிக்கிறது.

முடிவில்லாச் சுழற்சியில் சிக்கிய நிரலை நிறுத்துவதற்காக, இன்டர்பிரட்டர் பின்னோக்கிய தாவல்களை எண்ணி, சுமார் 250 தாவல்களுக்கு ஒருமுறை பயனர் நிறுத்தச் சொன்னாரா என்று பார்க்கிறது. முடிவில்லாத் தன்னழைப்பிற்கோ ஆழ வரம்பு ஒன்று உண்டு. இன்று அது இயல்பாக 1600. முன்பு ஒவ்வொரு லிஸ்ப் அழைப்பும் சி மொழியில் சில அழைப்புகளாக விரிந்ததால், எடிட்டர் விழுந்தபோது ஜிடிபி டிபக்கரில் சி அழைப்புப் பட்டியலைப் படித்தே லிஸ்ப் வரலாற்றை ஓரளவு ஊகிக்க முடிந்தது. 2023இல் வந்த 29ஆம் பதிப்பு, பைட்கோடிலிருந்து பைட்கோடுக்குச் செல்லும் அழைப்பை ஒரே சுழற்சிக்குள் அடக்கிவிட்டது. வேகம் கூடியது, பழைய ஊகமுறை காலாவதியானது. மூலநிரலோடு வரும் ஜிடிபி கட்டளைக் கோப்பின் மூலம் லிஸ்ப் அழைப்புப் பட்டியலைத் தனியே அச்சிடுவதே இப்போதுள்ள நம்பத்தக்க வழி. 2022இல் 28ஆம் பதிப்போடு வந்த இயந்திரமொழிக் கம்பைலரும் பைட் கம்பைலர் தரும் இடைநிலை வடிவத்தையே உள்ளீடாகக் கொள்வதால், பைட்கோடை அறியாமல் அதன் பிழைகளையும் ஆராய முடியாது.

கம்பைலரின் சரித்தன்மையைக் காக்கும் சோதனைகளுள் மிகப் பயனுள்ளது மிக எளியதாகவே இருக்கிறது. ஈமாக்ஸின் சோதனைத் தொகுப்பில் லிஸ்ப் கோவைகளின் நீண்ட பட்டியல் ஒன்று உள்ளது. ஒவ்வொன்றும் ஒருமுறை மூலநிரலாகவும் ஒருமுறை பைட்கோடாகவும் இயக்கப்பட்டு, இரு விடைகளும், எழும் பிழைகள் உட்பட, ஒன்றாக உள்ளனவா என்று பார்க்கப்படுகிறது. சரியான விடை எதுவென்று எவரும் எழுதிவைக்க வேண்டியதில்லை என்பதே இதன் பலம். புதிய பிழை கிடைக்கும்போதெல்லாம் அதை விளைவித்த கோவையைச் சுருக்கி இப்பட்டியலில் சேர்த்துவிடும் ஒழுக்கம், எந்த நுட்பமான டிபக்கரையும்விட மிகுதியாக உதவியுள்ளது.

இத்துறைக்குள் நுழைய விரும்பும் இளம் நிரலர்கள், தாம் எழுதிய சிறு லிஸ்ப் செயற்கூறு ஒன்றைக் கம்பைல் செய்து, அதன் பைட்கோடைப் பிரித்துக் காட்டும் டிஸ்அசெம்பிள் கட்டளையின் வெளியீட்டைக் காகிதத்தில் ஸ்டாக் வரைந்தபடி வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். கையேடுகள் பைட்கோடைக் கையால் எழுத வேண்டாம் என்று எச்சரிக்கின்றன; படிக்க வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.